தேக்கா நெரிசலுக்கும் விரைவுச்சாலைக்கும் ஒரே பல்சக்கரம்

ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், இரண்டாவது கியருக்குப் போவதே அபூர்வம். தேக்காவைத் தாண்டி தீவு விரைவுச்சாலைக்கு ஏறினாலும் அதிகபட்ச எல்லை மணிக்கு 90 கிலோமீட்டர்தான். கார் விசையாக ஓட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் இந்த இரண்டு சாலைகளையும் மனத்தில் வைத்தே ஃபைனல் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஃபைனல் டிரைவ் விகிதம் 4.0 என்றால், கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு நான்கு முறை சுற்றும்போது சக்கரம் ஒரு முறை சுற்றும். அதை 4.5 ஆக்கினால் ஒவ்வொரு கியரிலும் இழுவை எட்டில் ஒரு பங்கு கூடும். அதற்கு ஒரு விலை உண்டு. டயரின் சுற்றளவு 2 மீட்டர், கடைசிக் கியர் 0.8 என்று வைத்துக்கொள்வோம். 90 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடிய எஞ்சின் இனி 2,700 சுற்றில் ஓடும். 5.0 போட்டால் 3,000. இரைச்சலும் பெட்ரோல் செலவும் ஏறும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். இரண்டாவது கியர் 2.0, எஞ்சின் 7,000 சுற்றுவரை போகும் என்றால், 4.5 போட்ட கார் அந்த ஒரே கியரில் 93 கிலோமீட்டரைத் தொடும். 5.0 போட்டது 84இலேயே நின்றுவிடும். விரைவுச்சாலையில் இணைகிற நேரத்தில் கியர் மாற்ற வேண்டியிருக்கும். அதனால் இப்படிப்பட்ட காருக்கு என் தேர்வு 4.5.

மரினா பே பந்தயத்துக்கு வரும் ஃபார்முலா ஒன் அணிகள் முன்பெல்லாம் பந்தயத்துக்குப் பந்தயம் கியர் விகிதத்தை மாற்றின. 2014இல் வந்த விதி, எட்டுக் கியர்களையும் பருவம் முழுமைக்கும் முன்கூட்டியே சொல்லிவிடச் செய்தது. நமக்கும் ஒரே தேர்வுதான்.

அடுத்து, இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல். அந்த விஷயத்தில் மழைதான் பெரிது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை. சாதாரண டிஃபரென்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றதற்கும் விசை குறைந்துவிடும். கிளட்ச் தட்டு வைத்த லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் (எல்எஸ்டி) பிடித்து இழுக்கும். ஆனால் பலமாடிக் கார் நிறுத்தத்தின் வளைவுகளில் முனகும், எண்ணெயும் அடிக்கடி மாற்ற வேண்டும். ஹெலிகல் பல்சக்கர வகை எல்எஸ்டி சத்தமின்றிப் படிப்படியாகப் பிடிக்கும். ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பினால் ஹெலிகலின் பிடி போய்விடும்தான், ஆனால் அது பந்தயத் தடத்தின் கவலை. தினமும் ஓட்டும் காருக்கு ஹெலிகலே நல்லது.

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளை முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ பட்டறைக்குப் போகும்போது டயர் அளவைச் சொல்ல மறக்காதீர்கள். சுற்றளவு மாறினால், நான் சொன்ன வேகக் கணக்கும் சுற்றுக் கணக்கும் மாறிவிடும்.