கோல் விட்டவன் என்ன ஆளு?

(அலங்காநல்லூரில் இளைஞர்கள் கூட்டிய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இந்த ஊரில் ஒருவன் விளையாட்டைப் பற்றிப் பேச வருகிறான் என்றால் ஜல்லிக்கட்டைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் நான் பேச வந்தது கால்பந்தைப் பற்றி. அதிலும் தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணியைப் பற்றி.

நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் படிக்கும் கல்லூரி ஒன்றின் அணி தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் தோற்றிருக்கிறது. கல்லூரியின் பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். போன வாரம் பேருந்துக்காக நின்றபோது டீக்கடை பெஞ்சில் இதைப் பற்றி விவாதம் நடந்தது. நானும் ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நல்ல விவாதம்தான். ஒருவர் புதுக் கோச்சைத் திட்டினார். ஒருவர், "அது கிரவுண்டா, களத்து மேடுய்யா. விழுந்தா தோலு உரிஞ்சு போகுது, எவன் விழுந்து தடுப்பான்?" என்றார். பழைய மாணவர் ஒருவர் தன் காலத்து அணியின் பெருமையை எடுத்து விட்டார். (எந்த ஊரிலும் பழைய அணி தோற்றதே கிடையாது. கவனித்திருக்கிறீர்களா?) நடு ஆட்டக்காரர் ஒருவருக்கு முட்டி போனதைப் பேசினார்கள். இப்படியே கால் மணி நேரம்.

அப்புறம் ஓரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலை தூக்காமலே கேட்டார்: "அந்த கோல் கீப்பர் பய என்ன ஆளு?"

பெஞ்ச் அமைதியாகிவிட்டது. யாரோ மெல்லச் சொன்னார்கள். "அதானே பார்த்தேன். கோட்டாவுல வந்தவய்ங்கள எறக்குனா இப்படித்தான்" என்று பக்கத்தைப் புரட்டினார். விவாதம் அத்தோடு முடிந்தது. கோச், களத்து மேடு, முட்டி எல்லாம் ஒரு நொடியில் காணாமல் போய்விட்டன. எல்லோருக்கும் விடை கிடைத்த நிம்மதி.

நான் எதுவும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் பேருந்தில் ஏறிவிட்டேன். பத்து வருடமாக இதைத்தான் படிக்கிறேன், இதைத்தான் ஆய்வேடாக எழுதுகிறேன். ஆனாலும் வாய் வரவில்லை. அன்று சொல்லாததைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆறு ஆட்டத்தில் நம் அணி அடித்த கோல் மொத்தம் இரண்டு. கோல்கீப்பர் ஒரு கோல்கூட விடாமல் இருந்திருந்தாலும் நாலு ஆட்டமாவது கோலே இல்லாமல் முடிந்திருக்கும். அப்படியென்றால் கோல் அடிக்க வேண்டிய முன்வரிசைப் பையன்கள் என்ன ஆளு? ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஒருவனுக்குக் கேட்கும் கேள்வியை இன்னொருவனுக்கு ஏன் கேட்கத் தோன்றுவதில்லை என்பதுதான் என் கேள்வி.

அடுத்தது அந்தக் 'கோட்டா'. தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 விழுக்காடு. அதில் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டவர்களுக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியலினத்தவருக்கு 18, பழங்குடியினருக்கு 1. ஆக, அந்த அணியின் பதினோரு பேரில் பெரும்பாலோர் ஏதோ ஒரு ஒதுக்கீட்டுக்கு உரியவர்கள்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களின் பிள்ளைகளும் அப்படித்தான். அது அவர்கள் உரிமை. பெரியார் மண் என்று நாம் பெருமைப்படுவதில் அதுவும் சேர்த்தி. ஆனால் 'கோட்டா' என்ற சொல் மட்டும் ஒரு தெருவைப் பார்த்துத்தான் நடந்து வருகிறது. அதோடு, கால்பந்து அணியில் இறங்க எந்த ஒதுக்கீடும் கிடையாது. அந்தப் பையன் மற்ற கோல்கீப்பர்களோடு போட்டி போட்டு, அவர்களைத் தாண்டித்தான் அந்தக் கம்பத்துக்கு நடுவில் நிற்கிறான்.

இது நம் டீக்கடையோடு முடிகிற கதை இல்லை.

1950 ஜூலை 16. பிரேசிலின் ரியோ நகரில் மரக்கானா மைதானம். உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம். டிரா ஆனாலே பிரேசிலுக்குக் கோப்பை. உருகுவே 2-1 என்று வென்றுவிட்டது. தோற்றதற்கு நூறு காரணம் சொல்லலாம். மக்கள் சொன்னது ஒரே காரணம்: கோல்கீப்பர் பார்போசா. அவர் கறுப்பர். அவரோடு சேர்த்துப் பழி சுமந்த பின்வரிசை ஆட்டக்காரர்கள் பிகோடியும் ஜுவெனாலும் கறுப்பர்கள்தான். அதன்பின் கறுப்பரைக் கோல் காக்க நிறுத்தக் கூடாது என்பது அந்த நாட்டில் எழுதாத சட்டம் மாதிரி ஆனது. உலகக் கோப்பையில் பிரேசிலின் முதல் கோல்கீப்பராக ஒரு கறுப்பர் மறுபடி நின்றது 2006இல். டீடா. இடையில் 56 வருடம். பிரேசிலில் குற்றத்துக்கு உச்ச தண்டனையே 30 வருடம்தான், நான் 50 வருடம் அனுபவித்துவிட்டேன் என்ற பொருளில் பார்போசா கடைசிக் காலத்தில் சொன்னார். 2000இல் இறந்துபோனார்.

பார்போசாவின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டாவது கோலைவிட அவர் கடைக்கும் கண்ணிக்கும் போன ஐம்பது வருடம்தான் நினைவுக்கு வருகிறது. டீக்கடை பெஞ்சுகள் பிரேசிலிலும் இருக்குமல்லவா.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2021 டோக்கியோ ஒலிம்பிக், பெண்கள் ஹாக்கி. இந்திய அணி முதல் மூன்று ஆட்டத்திலும் தோற்றது. நெதர்லாந்திடம் 5-1, ஜெர்மனியிடம் 2-0, பிரிட்டனிடம் 4-1. கதை முடிந்தது என்றார்கள். அப்புறம் அயர்லாந்தை 1-0 என்று வென்றார்கள். ஜூலை 31, தென்னாப்பிரிக்காவோடு வென்றே ஆக வேண்டிய ஆட்டம். 4-3 என்று வென்றார்கள். அந்த நான்கில் மூன்று கோல் வந்தனா கட்டாரியா அடித்தது. ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். அந்த மே மாதம்தான் அவருடைய தந்தை இறந்திருந்தார். பெங்களூரு பயிற்சி முகாமில் இருந்ததால் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட அவரால் போக முடியவில்லை. அப்படி ஆடிய ஆட்டம் அது. காலிறுதியில் ஆஸ்திரேலியாவையும் வீழ்த்தினார்கள்.

ஆகஸ்ட் 4, அரையிறுதி. அர்ஜென்டினாவிடம் 2-1 என்று தோற்றார்கள். குர்ஜித் கவுர் இரண்டாவது நிமிடத்திலேயே கோல் அடித்தும், அர்ஜென்டினாவின் பாரியோநுவேவோ பெனால்டி கார்னரில் இரண்டைத் திருப்பிவிட்டார். ஹாக்கி தெரிந்தவர்கள் தோல்விக்குச் சொல்லும் காரணம் இது.

ஹரித்வார் பக்கத்தில் ரோஷனாபாத். வந்தனாவின் ஊர். அங்கே ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த சிலர் அவர் வீட்டு முன்னால் வந்து பட்டாசு வெடித்தார்கள், ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றது என்று கத்தியதாக வந்தனாவின் குடும்பத்தார் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது, கைதும் நடந்தது.

ஹாட்ரிக்குக்கும் பட்டாசுக்கும் இடையில் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். ஜூலை 31, ஆகஸ்ட் 4. ஒரு தலித் பெண் இந்த நாட்டுக்காக உயிரைக் கொடுத்து ஆடிச் சேர்த்த மரியாதை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து வெண்கலப் பதக்க ஆட்டம். 4-3 என்று பிரிட்டனிடம் தோற்றார்கள். அதிலும் வந்தனா ஒரு கோல் அடித்தார். வீட்டு வாசலில் அது நடந்த பிறகு அடித்த கோல். அப்புறமும் ஆடினார். 2025இல் ஓய்வு பெறும்போது இந்தியாவுக்காக 320 ஆட்டம் ஆடியிருந்தார்.

இன்னும் பின்னால் போனால் பல்வங்கர் பாலு. சமார் சாதியில் பிறந்தவர். புனேவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் ஆடுகளத்தைச் செப்பனிடும் வேலை. அங்கே பந்து வீசிக் கற்றுக்கொண்டார். அவர் இல்லாமல் வெல்ல முடியாது என்று தெரிந்ததும் இந்து கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில் தேநீர். 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து போனது. 23 ஆட்டம் ஆடி 15இல் தோற்றது. அந்தத் தோற்ற அணியில் பாலு ஒருவர் மட்டும் 114 விக்கெட். கேப்டன் பதவி? கடைசி வரை கொடுக்கவில்லை. சுற்றுப்பயணம் தோற்றதற்குப் பல ஆட்டங்களுக்கு இறங்காத மகாராஜாவின் சாதியை யாரும் காரணம் காட்டியதாக நான் படித்ததில்லை.

(ஒரு பக்கச் செய்தி. 1937 தேர்தலில் பம்பாயில் பாபாசாகேபை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியது இதே பாலுவைத்தான். பாபாசாகேப் இரண்டாயிரம் ஓட்டு வித்தியாசத்தில்தான் வென்றார். இளம் வயதில் பாலுவுக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தியவரும் பாபாசாகேப்தான். வரலாறு நம் வசதிக்கு நடப்பதில்லை.)

சரி, ஜல்லிக்கட்டுக்கு வருகிறேன் என்றேனே. இங்கே கீழக்கரையில் 2024 ஜனவரியில் முதலமைச்சர் பெரிய ஏறுதழுவுதல் அரங்கத்தைத் திறந்து வைத்தார். நல்ல விசயம். நம் சர்க்கரை ஆலையும் அப்படித் திறந்தால் இன்னும் நல்ல விசயம். வாடிவாசலில் மாடு பிடிபட்டால் மாட்டுக்காரர் என்ன சொல்வார்? கயிறு உருவ லேட்டாயிடுச்சு, மாட்டுக்கு உடம்பு சரியில்லை, வெயில் ஏறிப்போச்சு. தோற்ற மாட்டுக்கு ஆயிரம் காரணம் உண்டு. நம் பையனுக்கு ஒன்றே ஒன்றுதான். ஆனால் மாட்டுக்கும் சாதி உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். மாட்டை அவிழ்க்கும்போது மைக்கில் சாதிப் பெயர் சொல்லக் கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொல்ல வேண்டி வந்ததே, ஏன்? ஜெயிக்கிற மாட்டோடு சாதி ஒட்டிக்கொண்டு ஓடி வரும். தோற்கிற மாட்டை விட்டு இறங்கிவிடும். நமக்கு இது தலைகீழ். ஜெயித்தால் அவன் கல்லூரியின் பையன், ஊரின் பையன், மதுரையின் மைந்தன். தோற்றால்தான் எங்கள் தெருப் பையன்.

கல்லூரியில் நானும் ஆடியவன். இடது பின்வரிசை. ஓர் ஆட்டத்தில் என் தப்பால் ஒரு கோல் போனது. தப்பு என்னுடையதுதான், ஆளை விட்டுவிட்டுப் பந்தைப் பார்த்தேன். உடை மாற்றும் அறையில் சீனியர் ஒருவர் சொன்னது என் ஆட்டத்தைப் பற்றி இல்லை, நாங்கள் தின்னும் கறியைப் பற்றி. அடுத்த ஆட்டத்திலிருந்து பந்து என்னிடம் வந்தாலே பயம். தப்பு செய்தால் எனக்கு மட்டும் இல்லை, தெருவுக்கே பேர் கெடும் என்ற பயம். பயந்தவன் காலில் பந்து நிற்காது. இன்னும் தப்பு செய்தேன். பார்த்தியா என்றார்கள். மூன்றாவது ஆட்டத்தோடு நானாகவே நின்றுவிட்டேன். எந்த ஊர்க் கோச்சும் ஒரு வீரனின் ஆட்டத்தை இவ்வளவு சுத்தமாகக் கெடுக்க முடியாது.

நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வருடம் இதே பையன் ஒரு பெனால்டியைத் தடுத்தபோது நாம் 'எங்கள் இனத்தின் சிங்கம்' என்று ஃபிளெக்ஸ் வைத்தோம். பாசத்தில் வைத்ததுதான். நானும் ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். ஆனால் அந்த ஃபிளெக்ஸும் அவன் தோளில் ஒரு மூட்டைதான். அவன் நம் எல்லோருக்காகவும் பந்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மற்றவன் பந்துக்காகப் பந்தைப் பிடிக்கிறான்.

அவனிடம் பேசினேன். காலை ஐந்து மணிக்குக் கேட்டரிங் வேலை முடித்துப் பயிற்சிக்குப் போகிறான். முகூர்த்த நாளென்றால் தூக்கமே இல்லை. கையுறை கிழிந்து செல்லோடேப் சுற்றியிருக்கிறான். ஆறு ஆட்டத்தில் இரண்டு கோல் தன் தப்பு என்று அவனே சொன்னான். ஒன்றில் முன்னால் வந்திருக்கக் கூடாது, ஒன்றில் வந்திருக்க வேண்டும். "மத்தது என்னண்ணே செய்ய, மூணு பேரு வர்றாய்ங்க, முன்னாடி ஒருத்தனும் இல்ல" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஓர் ஆட்டக்காரனின் எரிச்சல் இருந்தது. எனக்கு அது சந்தோசமாக இருந்தது. அந்த எரிச்சல் எனக்கு அன்று வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

நான் அவன் நல்ல கோல்கீப்பர் என்று வாதாட வரவில்லை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கோச் அவனை உட்கார வைத்துவிட்டு வேறு பையனை இறக்கினால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, காரணம் அந்த முன்னால் வந்த கோலாக இருக்கும்வரை. அவன் மோசமாக ஆடினால் மோசமாக ஆடினான் என்று மட்டும் சொல்லுங்கள் என்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏழாவது ஆட்டம். இங்கிருந்து பத்துப் பேராவது போவோம். ஃபிளெக்ஸ் வேண்டாம், கோஷமும் வேண்டாம். ஒரு ஜோடி கையுறைக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறோம், வாசலில் தோழர் நோட்டோடு நிற்கிறார். பேருந்துக்கு முன்னால் நான் அந்த டீக்கடையில் இருப்பேன். பேப்பர் படிக்கிறவரும் இருப்பார். இந்த முறை அவரிடம் முன்வரிசையைப் பற்றிக் கேட்கப் போகிறேன்.