வித்தியாசத்தைத் தேடும் கண்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கண்ணைப் பற்றிப் பேசும்படி எங்களிடம் கேட்டிருக்கிறீர்கள். இந்த மண்டபத்தில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கேட்டதில் நியாயம் இருக்கிறது.

மத்தியான வெயிலில் கொம்பனித்தெருவில் நின்று ஒரு புத்தகத்தை விரித்தால், அதன் கறுத்த எழுத்திலிருந்து கண்ணுக்கு வரும் வெளிச்சம், வகுப்பறைக்குள்ளே வெண்கட்டி எழுத்திலிருந்து வருவதைவிடப் பல மடங்கு கூட. ஆனாலும் அது கறுப்பாகவும் இது வெள்ளையாகவுமே தெரிகின்றன. கண் முக்கியமாகக் கவனிப்பது வெளிச்சத்தின் அளவை அல்ல. ஓரிடத்துக்கும் பக்கத்து இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை.

1953இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் குஃப்ளர் பூனையின் விழித்திரையில் இதன் வழியைக் காட்டினார். மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்புக் கலம் ஒவ்வொன்றும் ஒரு சிறு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வட்டத்தின் நடுவில் ஒளி பட்டால் சில கலங்கள் துடிக்கும். சுற்றியுள்ள வளையத்தில் பட்டால் அடங்கும். வேறு சிலவற்றில் இது மறுதலை. எங்கும் ஒரே அளவாகப் பட்டால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, கலம் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. வெறுஞ்சுவரைப் பற்றி மூளைக்கு என்ன செய்தி? கதவின் ஓரம், எழுத்தின் விளிம்பு, படியின் நுனி, செய்தி அங்கேதான். ஒரு கண்ணில் ஒளியுணரும் கலங்கள் சுமார் 100 மில்லியன். பார்வை நரம்பின் இழைகளோ ஏறத்தாழ ஒரு மில்லியன். சிக்கனம் பார்க்காமல் முடியுமா?

வயது போகப்போகக் கண்வில்லை மங்கி, உள்ளே ஒளி சிதறி, அந்த வித்தியாசம் குறைகிறது. ஆஸ்பத்திரிச் சுவரில் உள்ள அட்டையை வாசித்துவிடுவோம். அதில் எழுத்து நல்ல கறுப்பு, அட்டை நல்ல வெள்ளை. வீட்டுக்கு வந்து சீமெந்துப் படியில் கால் தவறும். “அம்மாவுக்குக் கண் நல்லாத்தான் இருக்கு, கவனமில்லாமல் நடக்கிறா” என்பார்கள் பிள்ளைகள். இந்தப் பேச்சைக் கேட்டால் எங்களுக்குக் கோபம் வரும்.

1988இல் பெல்லி, ரொப்சன் என்பவர்கள் வேறோர் அட்டை செய்தார்கள். எழுத்தெல்லாம் ஒரே பருமன். கீழே போகப்போக மங்கும். அப்படியும் சோதிக்கலாமா என்று உங்கள் கண் வைத்தியரிடம் கேளுங்கள். படியில் தடுமாறுவதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். கண்புரை என்றால் சத்திரசிகிச்சை இருக்கிறது. நீரிழிவும் குளுக்கோமாவும்கூட இப்படித்தான் தொடங்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. வெள்ளைச் சோற்றை நிறத் தட்டில் போடுங்கள். வெறுந்தேத்தண்ணிக்கு வெள்ளைக் கோப்பை, பாலுக்கு நிறக் கோப்பை. எவ்வளவு ஊற்றினோம் என்று தெரியும், கை சுடாது. குளியலறையின் வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கைப்பிடி பூட்டாதீர்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் தங்கைமார் தொலைபேசியில் அம்மாவிடம் “கண் தெரியுதா?” என்று கேட்க வேண்டாம். “படி தெரியுதா?” என்று கேளுங்கள்.

இந்த மண்டபத்து வாசற்படிகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். நுனிகளுக்கு மஞ்சள் கோடு போட ஒரு பேணி பெயின்ற் போதும். பொருளாளர் அக்கா குறித்துக்கொள்வா என்று நம்புகிறோம். இன்றைக்கு மட்டும் கைபிடித்து இறங்குங்கள்.