கல்லூரிக் கூடைப்பந்தும் முதற்சுற்றும்



மும்பையிலிருந்து சென்னைக்கு இரயிலில் வரும் நம்மவர் பலர், ரேணிகுண்டாவுக்கும் புத்தூருக்கும் இடையே உள்ள வடமாலபேட்டையைக் கவனியாமலே கடந்துவிடுவதுண்டு. 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது இப்பகுதி ஆந்திரத்திலேயே தங்கிற்று. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்திருக்கிறது. வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகள் இங்கே உண்டு. அவர்கள் கல்லூரிப் படிப்புக்குத் திருப்பதியை நாடுவது இயல்பு. அங்கே கூடைப்பந்து பழகி, 1954-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்தின் அணியில் இடம் பெறும் ஒருவனை நினைத்துக்கொள்வோம். தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்காக அவன் ஓராண்டு உழைக்கிறான். வெளியூருக்கு இரவெல்லாம் பயணம் செய்கிறான். முதல் ஆட்டத்தில் வலிமை மிக்க அணியொன்றைச் சந்தித்து, நாற்பது நிமிட ஆட்டத்தோடு பெட்டியைக் கட்டுகிறான். இது முறையா என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் பொருள்.

இவ்வாட்டம் 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தது. அங்கே பயின்ற ஹாரி பக் என்பவர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். கூடைப்பந்து நம் கல்லூரிகளில் வேர்விட்டதில் அக்கல்லூரிக்குப் பெரும் பங்குண்டு.

நம் மண்டலப் போட்டிகளில் பெரும்பாலும் கடைசி நான்கு அணிகள் மட்டுமே ஒன்றோடொன்று சுழல்முறையில் மோதுகின்றன. அதுவரை தோற்றவர் வெளியேறுவதே விதி. வல்லவர்க்குப் பல ஆட்டம், மெலியவர்க்கு ஓர் ஆட்டம்! பயிற்சி யாருக்கு மிகுதியாக வேண்டுமோ அவர்க்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

"அமெரிக்கக் கல்லூரிப் போட்டியிலும் தோற்றவர் வெளியேறத்தானே செய்கிறார்?" என்று சிலர் வினவுவர். உண்மையே. அந்தச் சுவையை நாம் மறுக்கவில்லை. 1985 முதல் 2017 வரை ஆடவர் போட்டியின் முதற்சுற்றில், வரிசையில் முதலாம் அணியும் பதினாறாம் அணியும் மோதிய 132 ஆட்டங்களிலும் முதலாம் அணியே வென்றது. 2018-இல் மேரிலாந்து–பால்டிமோர் கவுன்டி அணி, வர்ஜீனியாவை 74-க்கு 54 என வீழ்த்தி உலகையே வியக்கவைத்தது. ஆனால் அங்குள்ள அணிகள் அப்போட்டிக்கு வருமுன் அப்பருவத்தில் ஏறக்குறைய முப்பது ஆட்டங்கள் ஆடி முடித்திருக்கும். முதற்சுற்றில் தோற்றாலும் அவர்களுடைய ஆண்டு வீணாவதில்லை. நம் பிள்ளைக்கோ அந்த ஒற்றை ஆட்டமே வெளியுலகம். ஆகவே அந்த ஒப்புமை பொருந்தாது.

செலவும் நாளும் மிகுந்துவிடும் என்பது அடுத்த தடை. கணக்கிட்டுப் பார்ப்போம். 48 அணிகள் வருவதாகக் கொள்ளுங்கள். இப்போதைய முறையில், இறுதிச் சுழல் ஆட்டங்கள் ஆறையும் சேர்த்து 50 ஆட்டங்கள் ஆகும். முதற்சுற்றில் மட்டும் மும்மூன்று அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் இரண்டு ஆட்டம் அளித்தால் மொத்தம் 66 ஆகும். மிகுவது பதினாறே. ஓர் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்றாலும் ஒரு களத்தில் பகல் முழுதும் எட்டு ஆட்டம் நடத்தலாம். இரண்டு களங்கள் இருந்தால் கூடுதலாக வேண்டுவது ஒரு நாள். ஒரு நாள் உணவும் உறைவிடமும் சிறு செலவன்று. விருந்தேற்கும் பல்கலைக்கழகம் முணுமுணுக்கவே செய்யும். எனினும் ஓராண்டு உழைப்புக்கு அது மிகையான விலையென்று நமக்குத் தோன்றவில்லை.

"ஒரு முறை அடிவாங்குவதற்குப் பதில் இரு முறை வாங்கட்டும் என்கிறீர்களா?" என்று ஒரு பயிற்சியாளர் கேட்கக்கூடும். குழுவைப் பிரிப்பதில்தான் திறமை வேண்டும். வல்ல அணி ஒன்றும் ஏறத்தாழச் சமவலிமை உடைய மற்ற இரண்டும் ஒரு குழுவில் அமைய வேண்டும். அவ்விரண்டும் மோதும் ஆட்டத்திலேதான் பிள்ளைகள் மெய்யாகக் கற்கிறார்கள். பெருந்தோல்வியில் பந்தைத் தொடவே வாய்ப்பில்லை, கற்பது எங்ஙனம்? விரலைப் பிசகிக்கொண்டு புத்தூர்க் கட்டுக்குப் போவதுதான் மிச்சம்!

ஒரு குறை உண்டு. மூன்று அணிகளும் ஆளுக்கொரு வெற்றி பெற்றால் புள்ளி வேறுபாட்டைப் பார்க்க நேரிடும். அதற்காக மெலிந்த அணியை வேண்டுமென்றே நசுக்கும் ஆசை பிறக்கும். இருபதுக்கு மேற்பட்ட எந்த வேறுபாட்டையும் இருபதாகவே கொள்க என்று விதித்துவிட்டால் அவ்வாசை அடங்கும்.

இம்மாற்றம் என்று வருமோ, அது பல்கலைக்கழகங்களின் கையில் இருக்கிறது. அதற்கிடையில், நீங்கள் வாழும் நகரில் இத்தகைய போட்டி நடந்தால் இறுதி ஆட்டத்துக்கென்று காத்திராமல், முதல் நாட் காலையிலேயே சென்று பாருங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் அப்போதுதான் ஆடுவார்கள். மாலையில் போனால் இரயில் நிலையத்தில்தான் அவர்களைக் காணலாம்.