பழைய சுழல்துப்பாக்கியின் வயதை அறிவது எவ்வாறு?

(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளுக்கு மார்க் எழுதிக் காலம் கழிக்கும் குமாஸ்தா ஒருவர் துப்பாக்கியைப் பற்றிப் பேச எழுந்தது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். யாம் துப்பாக்கி ஏந்தியவர் அல்லோம், வேட்டையாடியவரும் அல்லோம். சென்ற ஆண்டு நம் குடியிருப்பில் நிகழ்ந்த ஒன்றே இப்பொருளைக் கற்குமாறு எம்மைத் தூண்டியது.

நம்மோடு நெடுநாள் வாழ்ந்து மறைந்த ஓய்வு பெற்ற கார்டு ஒருவரின் டிரங்குப் பெட்டியில் பழைய சுழல்துப்பாக்கி ஒன்று இருந்தது. 1857-ஆம் ஆண்டுப் போரில் ஓர் ஆங்கில அதிகாரி தாங்கியது அது என்பது அக்குடும்பத்தில் வழங்கிய கதை. இதனைக் கேள்வியுற்ற தரகர் ஒருவர் வந்து, சேகரிப்பவர் ஒருவருக்காக இரண்டு லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னார். இது 1857-ஆம் ஆண்டுப் பொருளே என்று ஒரு தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும் என்றார். மகளின் திருமணம் நெருங்கிய வேளை. அந்த அம்மையார் எம்மை அழைத்து, "தம்பி, நீங்கள் நாளெல்லாம் எண்ணும் முத்திரையும் பார்ப்பவர். இதில் நான் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார்.

அன்பர்களே, இந்நிலையில் முதலில் செய்ய வேண்டியது வயது பார்ப்பதன்று. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் பெற்றவர் மறைந்தபின் அவருடைய துப்பாக்கியை வீட்டில் வைத்திருத்தல் ஆகாது. காலந்தாழ்த்தாது காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடத்திலோ அதனை ஒப்படைத்தல் வேண்டும். பழமையானது என்பதனால் மட்டும் விலக்குக் கிடையாது. பழுது பார்த்தாலும் சுட இயலாத நிலையில் உள்ள பழம்பொருளுக்கே விலக்கு உண்டு. ஆகவே அம்மையாரின் மகனும், நம் சங்கச் செயலாளரும், யாமும் காவல் நிலையம் சென்று அதனை ஒப்படைத்தோம். அங்கிருந்த அதிகாரி, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்தபின், பூதக்கண்ணாடி கொண்டு பார்க்க எமக்கு இசைவு தந்தார்.

அதற்கு முன் இரண்டு வார காலம் யாம் நூல்களைப் புரட்டி அறிந்தவற்றுள் சிலவற்றை இங்கே கூறுகின்றோம்.

முதலாவது, மேலே பொறித்த ஆண்டை நம்பலாகாது. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836-இல் தம் சுழல்துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய 1851-ஆம் ஆண்டு 'நேவி' வகையின் உருளையில் ஒரு கடற்போர்க் காட்சியும் 1843 மே 16 என்னும் நாளும் செதுக்கப்பட்டிருக்கும். அது டெக்சாஸ் கப்பற்படை மெக்சிகோவின் கப்பல்களோடு பொருத நாளேயன்றித் துப்பாக்கி செய்த நாள் அன்று. அவ்வாறே 1873-இல் வெளிவந்த கோல்ட் துப்பாக்கியின் உடற்பகுதியில் 1871, 1872 என்னும் ஆண்டுகள் காணப்படும். அவை காப்புரிமை பெற்ற ஆண்டுகள். அவ்வகை 1940 வரையில் செய்யப்பட்டு வந்தது. நம் சரக்கு வண்டிகளின் பக்கத்தில் எழுதியுள்ள தேதி பணிமனையில் பழுது பார்த்த தேதியாக இருக்க, அதனையே வண்டி பிறந்த தேதி என்று புதியவர் கொள்வதில்லையா? அது போன்றதே இதுவும்.

இரண்டாவது, அமைப்பைப் பார்த்தல் வேண்டும். 1857-இல் ஆங்கில அதிகாரிகளிடம் இருந்த சுழல்துப்பாக்கிகளுள் கோல்ட்டும், இலண்டன் ராபர்ட் ஆடம்சு செய்தனவும் பெயர் பெற்றவை. அவற்றில் மருந்தையும் குண்டையும் உருளையின் முன்புறமாக இட்டு, பின்புறத்தில் சிறு செப்பு மூடிகளைப் பொருத்த வேண்டும். உருளையில் முன்னும் பின்னும் ஊடுருவும் துளையிட்டுப் பின்புறமாகத் தோட்டா இடும் முறைக்கு அமெரிக்காவில் ரோலின் வைட் என்பவர் 1855-இல் உரிமை பெற்றார். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் அவ்வுரிமையைப் பயன்படுத்தி 1857-இல் தன் முதல் துப்பாக்கியை வெளியிட்டது. உரிமை 1869-இல் முடிந்த பின்னரே ஏனைய அமெரிக்க நிறுவனங்கள் அம்முறையைத் தடையின்றிக் கையாண்டன.

மூன்றாவது, செய்தவர் பெயர். 'கோல்ட், இலண்டன்' என்னும் முகவரி, அவர் 1853-இல் தேம்சு ஆற்றங்கரையில் தொழிற்சாலை திறந்த காலத்தை நினைவூட்டும். 'வெப்ளி அண்டு ஸ்காட்' என்றிருந்தால் அது 1897-க்கு முற்பட்டதாக இராது. அந்நிறுவனம் அவ்வாண்டில்தான் அப்பெயர் பெற்றது.

நான்காவது, சோதனை முத்திரை. மிகுதியான மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் வெடிக்கவில்லை என்று கண்டபின் இடுகின்ற சிறு முத்திரை இது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-இல் ஏற்பட்டது. கிரீடத்தின் கீழ்க் குறுக்காக வைத்த செங்கோல்கள் அதன் பழைய முத்திரை. 1904-இல் அது மாற்றப்பட்டது. பெல்ஜியத்தின் லீஜ் நகர முத்திரை, முட்டை வடிவ வளையத்துள் ஈ, எல், ஜி என்னும் மூன்று எழுத்துகளும் ஒரு விண்மீனும் கொண்டது. 1893 முதல் அதன் தலைமேல் கிரீடம் சேர்க்கப்பட்டது.

ஐந்தாவது, தொடர் எண். கோல்ட் தொழிற்சாலை வகைதோறும் தனித்தனியே எண் இட்டது. வகையை அறியாமல் எண்ணை மட்டும் கொண்டு ஆண்டைத் தேடுவது, எந்த நிலையத்து இரசீது என்று அறியாமல் இரசீது எண்ணைக் கொண்டு மூட்டையைத் தேடுவது போலாகும். பழைய கோல்ட்டின் குழல், உடல், உருளை ஆகியவற்றில் ஒரே எண் இருத்தல் வேண்டும். எண்கள் வேறுபட்டால், பல துப்பாக்கிகளின் உறுப்புகளைக் கூட்டிச் சேர்த்தது என்று ஐயுறலாம்.

இனி, அம்மையாரின் துப்பாக்கிக்கு வருவோம். அது குட்டையான குழலுடையது. பின்புறமாக உலோகத் தோட்டா இடுவது. மேலே 'பிரிட்டிஷ் புல்டாக்' என்று எழுதியிருந்தது. வெப்ளி நிறுவனம் அப்பெயருடைய வகையை வெளியிட்டதே 1872-இல்தான். பெல்ஜியத்துப் பட்டறைகள் பல அதனைப் போலச் செய்து, அதே பெயரைப் பொறித்து விற்றன. பூதக்கண்ணாடியை உருளையின்மேல் வைத்தோம். முட்டை வடிவ வளையமும் மூன்று எழுத்துகளும் தெரிந்தன. அவற்றின் மேலே கிரீடமும் இருந்தது. எனவே அது 1857-ஆம் ஆண்டினதும் அன்று. பிரிட்டனில் செய்ததும் அன்று. 1893-க்குப் பின் பெல்ஜியத்தில் முத்திரை பெற்றது.

இன்னும் நுட்பமாக ஆண்டைக் கணிக்க முயன்றோம், இயலவில்லை. பொருள் பளபளப்பாக இருந்தால் விலை கூடும் என்று எண்ணி, மகன் உப்புத்தாள் கொண்டு தேய்த்துவிட்டிருந்தான். துருவோடு எண்ணும் பாதி போய்விட்டது. அவனைக் கடிந்து பயனில்லை. நம்மில் பலரும் அதையே செய்திருப்போம்.

அன்று மாலை அம்மையாரிடம் இதனைச் சொல்லும் பொறுப்பு எம்முடையதாயிற்று. இரண்டு லட்சத்தை நம்பித் திருமணக் கணக்குப் போட்டிருந்தவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியே சென்றோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "நல்லவேளை தம்பி, கேட்டுக்கொண்டேன். அறியாமல் பொய்க்குக் கையெழுத்துப் போட இருந்தேன். அந்தப் பணம் என் மகள் கலியாணத்திற்கு வேண்டாம்" என்றார். உரிமமற்ற தரகரிடம் விற்றிருந்தால் அதுவும் குற்றமாகியிருக்கும். மறுநாள் வந்த தரகர், துப்பாக்கி காவல் நிலையத்தில் உள்ளது என்று கேட்டதும் திரும்பிப் போனார், பின்னர் வரவில்லை. திருமணம் தை மாதத்தில் எளிமையாக நடந்தது. இங்கே அமர்ந்திருப்போரில் பலர் அன்று பந்தியில் பரிமாறினீர்கள்.

அன்பர்களே, பாட்டனார் சொன்ன கதையைப் போற்றுங்கள். ஆனால் அதனைச் சான்றாகக் கையெழுத்திட்டுக் கொடாதீர்கள். உங்கள் இல்லத்துப் பரணிலோ பெட்டியிலோ இத்தகைய பொருள் கிடைத்தால், முதலில் சட்டப்படி ஒப்படையுங்கள். துருவைத் தேய்க்காதீர்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு முத்திரைதான் உண்மை சொல்லும். அதனை அழித்துவிட்டால் பிறகு சாட்சி இல்லை.