பொது ஏரியும் பொது நிரலும்

(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்து முதலாம் இராசேந்திரன் வெட்டுவித்த சோழகங்கத்தைப் பொன்னேரி என்று நாம் வழங்கி வருகிறோம். ஏரியை வெட்டுவிப்பவன் அரசனேயாயினும், அது தூர்ந்து போகாமற் காப்பது ஊராரின் குடிமராமத்தே என்பதை நம் முன்னோர் நன்கறிவர். அத்தகைய பொது ஏரியொன்று இக்காலத்தும் உண்டு. அது கணினி நிரலால் ஆயது.

நம் இல்லந்தோறும் உள்ள ஆண்டிராய்டு கைப்பேசியில் தமிழெழுத்துக்களை முறைப்பட அமைத்துக் காட்டுவது ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகமாகும். குரோமும் பயர்பாக்ஸும் இதனையே கையாளுகின்றன. பெஹ்தாத் எஸ்ஃபாபோத் என்பார் முன்னின்று வளர்த்த இதன் பெயர், பாரசீக மொழியில் எழுத்தையும் திறந்த நிலையையும் குறிக்கும் இரு சொற்களால் ஆயது.

இதன் தொழில் யாதெனின், கூறுவோம். 1991 முதல் தமிழ் இடம்பெற்றுள்ள யூனிகோடு முறையில், 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டே எண்களாய்ச் சேமிக்கப்படுகிறது. அக்குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்துவது இந்நிரலகமே. 'ஸ்ரீ' என்பதோ நான்கு எண்கள் கூடி ஓருருவாவது. இம்முறை பிறழுமாயின், சின்ன வெங்காயத்தின் விலையைத் தெரிவிக்கும் செய்தியும் குடியானவருக்குப் படிக்கவொண்ணாததாகும்.

இந்நிரலின் மூலம் மறைக்கப்பட்டதன்று. எவரும் படிக்கலாம், திருத்தம் பகரலாம். வழியும் எளிதே. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கிய கிட் என்னும் கருவியைக் கணினியில் நிறுவுக. கிட்ஹப் தளத்தில் கட்டணமின்றிக் கணக்குத் தொடங்கி, நிரலகத்தின் படியொன்றைத் தமதாக்கிக் கொள்க. மீசான் என்னும் கருவியால் அதனைக் கட்டி, உடனுள்ள சோதனைகள் யாவும் தேறுகின்றனவா எனக் காண்க. பின்னர்த் தனிக்கிளையொன்றில் சிறு திருத்தம் செய்து, அதற்கொரு சோதனையும் எழுதி, காரணத்தை விளக்கி அனுப்புக. பராமரிப்போர் ஆராய்ந்து ஏற்பர், அல்லது குறை கூறித் திருப்புவர். திருப்பப்படுதல் இழிவன்று; அதுவே கல்வி. இந்நிரல் சி++ மொழியிலாயது. அம்மொழி அறியாதவரும், பிழையுறத் தோன்றும் சொல்லையும் எழுத்துருவையும் குறித்தனுப்புதல் பெருந்தொண்டேயாம்.

"கூலியில்லா வேலை எதற்கு?" என்று பெற்றோர் வினவலாம். உத்தியோகம் உறுதியென்று யாம் கூறோம். ஆயினும் ஏற்கப்பட்ட ஒவ்வொரு திருத்தமும் செய்தவர் பெயருடனும் தேதியுடனும் நிலைத்து நிற்கும். சிபாரிசுக் கடிதம் தேடி அலையும் நம் சிற்றூர்ப் பட்டதாரிக்கு அதனினும் மெய்யான சாட்சி யாது? படித்து முடித்து வீட்டிலிருக்கும் நம் பெண்மக்களும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமலே இதிற் பங்கு கொள்ளலாம்.

மற்றொன்றும் சொல்லத் துணிகிறோம். ஊர் நீர்நிலைகளில் சில குடிகள் அணுகவொண்ணாத துறைகள் இருந்ததுண்டு. இவ்வேரியிலோ எவர் மரபினர் என்று கேட்பாரில்லை. திருத்தம் சரியா என்பதே வினா. இதனை நம்மனோர் சங்கத்தில் உரைப்பது பொருந்தாதென எண்ணற்க. நம் மக்கள் பிறப்பால் அன்றித் தகுதியால் மதிக்கப்படும் இடத்தை அவர்க்குக் காட்டுவதினும் சங்கத்துக்கு உயர்ந்த கடமை இல்லை.

ஆதலின், பெரம்பலூரில் ஒன்றும் அரியலூரில் ஒன்றுமாக இரண்டு கணினிகளும் இணைய வசதியும் சங்கச் செலவில் அமைத்து, ஞாயிறுதோறும் பயிற்சி நடத்துமாறு வேண்டுகிறோம். அவ்வாயிலைப் பிற குடியினர்க்கும் திறந்து வைப்பீர்களாக. நீரை மட்டும் முகந்து கொண்டு, கரையில் ஒரு கூடை மண்ணும் இடாதவர் என்னும் பழி நமக்கு வேண்டா.