வலைக்கு அப்பால் நிற்பவள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



போட்டி என்றால் என்னவென்று எம்மில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. முதலாம் பிள்ளை யார், இரண்டாம் பிள்ளை யார் என்ற கேள்வியோடு வளர்ந்தவர்கள் நாம். இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் ஒரே வாங்கில் இருப்பவர்களும் இரண்டு நிறமாகப் பிரிவோம். உயர்தரம் வந்ததும் மாவட்ட நிலையும் வெட்டுப்புள்ளியும் வரும். பக்கத்தில் இருப்பவளுக்கு ஓர் இடம் கிடைத்தால் எமக்கு ஓர் இடம் குறையும் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கு பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிட்டதா? இன்று பிள்ளைகளின் பெறுபேறுகளையும் வீடுகளையும் வைத்து அதையே தொடர்கிறோமா?

இதைச் சிந்திக்க ஓய்வுபெற்ற ஒரு டெனிஸ் சம்பியனின் வாழ்க்கை உதவும். அமெரிக்காவின் புளோரிடாவில், தந்தையிடமே டெனிஸ் பழகியவர் கிறிஸ் எவேர்ட். 1974 முதல் 1986 வரை 13 ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு பெரும்போட்டியிலாவது ஒற்றையர் பட்டம் வென்றவர். வலைக்கு அப்பால் அவருக்கு எதிரே பெரும்பாலும் நின்றவர் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த மார்ட்டினா நவ்ரத்திலோவா. 1975 இல், 18 வயதில், அமெரிக்காவில் தனியே அடைக்கலம் கோரியவர் அவர். 1973 முதல் 1988 வரை இருவரும் 80 தடவை மோதினார்கள். அவற்றில் 60 இறுதியாட்டங்கள்.

ஆரம்பத்தில் வெற்றி பெரும்பாலும் எவேர்ட்டின் பக்கமே இருந்தது. நவ்ரத்திலோவா தமது உணவையும் உடற்பயிற்சியையும் அடியோடு மாற்றிக்கொண்டு வந்தபின் நிலைமை தலைகீழானது. எவேர்ட் தொடர்ந்து 13 ஆட்டங்களில் அவரிடம் தோற்றார். 1984 இல் பாரிஸ், விம்பிள்டன், நியூயோர்க் ஆகிய மூன்று இறுதியாட்டங்களிலும் தோல்வி. அப்போது எவேர்ட் பணமும் புகழும் நிறைந்தவர். வயது முப்பதை நெருங்கியிருந்தது. விலகியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் விலகவில்லை. மரத்தாலான றக்கற்றைக் கைவிட்டு, புதிய வகை றக்கற்றைப் பிடித்தார். பாரம் தூக்கிப் பயிற்சி செய்தார். பின்கோட்டிலேயே நின்று விளையாடிப் பழகியவர் வலையை நோக்கி முன்னேறவும் கற்றார். 1985 இல் பாரிஸ் இறுதியாட்டத்தில் 6-3, 6-7, 7-5 என்று நவ்ரத்திலோவாவை வென்றார். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அவரையே வென்று, தமது 18ஆவது ஒற்றையர் பெரும்பட்டத்தைப் பெற்றார். தம்மை இந்த மாற்றத்துக்குத் தள்ளியவர் நவ்ரத்திலோவாவே என்பதை எவேர்ட் பின்னர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதிலே விடை இருக்கிறது. கிண்ணம் அலுமாரிக்குள் போனதும் அதன் வேலை முடிந்துவிடும். எம்மைவிட நன்றாகச் செய்யும் ஒருத்தி எதிரே நிற்கும்போதுதான், நாம் இன்னும் கற்காதது எதுவென்று தெரிகிறது. அதைக் கற்கும் ஆசை இருக்கும்வரை விடியற்காலையில் எழும்ப முடிகிறது. ஆசை தணிந்தால் மரியாதையோடு விடைபெறலாம். எவேர்ட் 1989 இல், 34 வயதில், அப்படித்தான் ஓய்வு பெற்றார்.

80 ஆட்டங்களின் முடிவில் நவ்ரத்திலோவாவுக்கு 43, எவேர்ட்டுக்கு 37. ஒற்றையர் பெரும்பட்டங்களோ இருவருக்கும் 18. கணக்கு அங்கே நின்றுவிட்டது, உறவு நிற்கவில்லை. 1986 இல் நவ்ரத்திலோவா அமெரிக்க அணியோடு பிராக் நகருக்கு முதன்முறையாகத் திரும்பியபோது எவேர்ட்டும் அதே அணியில் இருந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் எவேர்ட்டுக்குப் புற்றுநோய் வந்தது. அடுத்து நவ்ரத்திலோவாவுக்கும் வந்தது. அந்த நாட்களில் ஒருவருக்கொருவர் துணையாக நின்றார்கள். தோல்வியின் தனிமையை இவர்கள் அளவுக்கு ஒருவரிடமிருந்து ஒருவர் அறிந்துகொண்டவர்கள் வேறு யார்?

சகோதரிகளே, எம் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒருத்தி இருந்தாள். இரண்டு புள்ளியால் எம்மை முந்தியவள். அல்லது எம்மால் பின்தள்ளப்பட்டவள். அவளுக்காகவே இன்னும் ஒரு மணிநேரம் விளக்கடியில் இருந்து படித்தோம். யுத்தமும் இடப்பெயர்வும் எம்மைத் திசைக்கொருவராகச் சிதறடித்தன. சிலரை இனி நாம் காணவே முடியாது. இருப்பவர்களைத் தேடலாம். இந்த மலரின் பக்கங்களில் அவளின் பெயரைப் பாருங்கள். தொலைபேசி எடுத்து, “நீ இல்லாவிட்டால் நான் இவ்வளவு படித்திருக்க மாட்டேன்” என்று சொல்லுங்கள்.

இன்று இம்மண்டபத்தில் இருக்கும் மாணவிகளுக்கும் ஒன்று சொல்வோம். நன்றாக மோதுங்கள், பிள்ளைகளே. ஆட்டம் முடிந்ததும் வலைக்கு மேலாக நீளும் கையை இறுகப் பற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கை உங்களுக்கு நெடுங்காலம் தேவைப்படும்.