உவர் நிலத்து வீட்டுத் தோட்டத்திற்கு விதை தேர்ந்தெடுத்தல்

(இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளின் ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான உபந்நியாசம்)



விதைப் பொட்டலத்தின் மேலுள்ள படம் எந்தத் தோட்டத்தில் எடுக்கப்பட்டதோ, அந்தத் தோட்டத்து மண்ணும் ஜலமும் பொட்டலத்திற்குள் அடைத்து வருவதில்லை. கடைக்குச் செல்கிறவர் சிவந்த காரட்டையும் வெளுத்த காலிபிளவரையும் கண்டு மகிழ்ந்து, வாங்கி வந்து, கொல்லையில் பாத்தி கட்டி விதைக்கிறார். பத்து நாளில் முளை எழும்புகிறது. இருபது நாளில் இலையோரம் தீய்ந்து கருகுகிறது. ஒரு மாதத்தில் பாத்தி வெறுமையாகிறது. விதை கெட்டதென்று கடைக்காரரை நிந்திப்பதும், கைராசி இல்லையென்று வீட்டுப் பெண்களை நிந்திப்பதும் வழக்கமாயிருக்கிறது. பெரும்பாலும் குற்றம் இவ்விருவருடையதுமன்று, கிணற்று ஜலத்தினுடையது.

கடலோரத்து நிலம் மணற்பாங்கானது. ஜலத்தையும் எருவையும் தங்கவிடாது. கடற்காற்று உப்புத் துளிகளைக் கொணர்ந்து இலைமேல் தெளிக்கிறது. அன்றியும் நிலத்தடி ஜலமே பல இடங்களில் உவர்ப்பேறியுள்ளது. மீஞ்சூர்ப் பிரதேசத்தில் பட்டணத்தின் தேவைக்கும், ஆலைகளுக்கும், பயிர்த் தொழிலுக்குமாகக் குழாய்க் கிணறுகளில் அளவின்றி இறைத்தமையால், கடல் ஜலம் பூமிக்குள் புகுந்தது. 1960-களின் இறுதியிலேயே வெளிப்பட்ட இவ்வுண்மை, பின்னர் கரையிலிருந்து பல மைல் உள்ளே பரவியது. நிலத்தடி ஜலத்தை இறைப்பதற்கு வரம்பு கட்டிய சென்னைப் பெருநகர்ச் சட்டம் 1987-இல் வந்தது. எனினும் சட்டம் வந்ததனால் கிணறு தித்தித்துவிடவில்லை.

ஆகையால் விதைக்கு முன்னர் ஜலத்தைப் பரீக்ஷை செய்ய வேண்டும். மண் பரிசோதனைச் சாலைக்கு மண்ணும் ஜலமும் அனுப்பி, உப்பின் அளவைக் கேட்டறிவது உத்தமம். அதுவரையில் எளிய வழி ஒன்றுண்டு. இரண்டு தொட்டிகளில் ஒரே மண்ணிட்டு, ஒரே பொட்டலத்து பீன்ஸ் விதையைப் போட்டு, ஒன்றிற்குக் கிணற்று ஜலமும் மற்றதற்குச் சேமித்த மழை ஜலமும் வார்க்கலாம். மூன்று வாரத்தில் முதல் தொட்டியின் இலையோரம் கருகி, விளிம்பில் வெள்ளைப் பொருக்குப் பூத்து, இரண்டாவது தொட்டி பசுமையாயிருந்தால், பிறகு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

இதற்கு பீன்ஸைச் சொன்னதற்குக் காரணமுண்டு. உப்பிற்கு முதலில் தோற்கும் பயிர்களில் அதுவும் ஒன்று. மண்சாற்றின் உப்பை மின்கடத்து அளவால் கணிப்பார்கள். அவ்வளவு 1 டெசிசைமனைத் தாண்டியதுமே பீன்ஸிலும் காரட்டிலும் மகசூல் குறையத் தொடங்கும். வெங்காயமும் முள்ளங்கியும் 1.2-இல் தளரும். தக்காளி ஏறக்குறைய 2.5 வரையிலும், பீட்ரூட் 4 வரையிலும், காராமணி 5 வரையிலும் தாங்கும். கொத்தவரையோ ஏறக்குறைய 9 வரையில் தாங்கக் கூடியது. ஊட்டிக் காய்கறியென்று மதித்து வாங்குபவை தோற்குமிடத்தில், மலிவென்று இகழப்படும் கொத்தவரை நிற்கிறது. பீட்ரூட்டிலும் ஒரு சூட்சுமம்: வளர்ந்த செடி உப்பைத் தாங்கினும், முளை தாங்காது, முதல் இரண்டு வாரத்திற்கு நல்ல ஜலமே வேண்டும்.

காலமும் விதையைத் தீர்மானிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை மணலிலுள்ள உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும். ஆகவே தக்காளி, கத்தரி, முள்ளங்கி முதலியவற்றிற்கு மார்கழி, தை மாதங்களே இப்பகுதியில் நல்ல காலம். வெயிலேற ஏற, ஈரம் ஆவியாகி, உப்பு மறுபடியும் மேலே எழும்பும். சித்திரை, வைகாசியில் கொத்தவரையும் காராமணியும் கீரையும் மாத்திரம் போதுமென்று வைத்துக்கொள்வதே விவேகம். அக்காலத்தில் திருவொற்றியூரில் காலிபிளவர் விதைப்பது லாட்டரிச் சீட்டு வாங்குவதற்குச் சமானம்.

இனி ரகங்களைப் பார்ப்போம். "வெண்டை விதை கொடும்" என்று மட்டும் கேட்பது போதாது. தில்லி ஆராய்ச்சிக் கழகத்தார் வெளியிட்ட பூசா சவானி என்னும் வெண்டை, முற்காலத்தில் மஞ்சள் நரம்பு நோயைத் தாங்கிப் பெயர் பெற்றது. நாளடைவில் அந்தச் சக்தியை இழந்தது. வெள்ளை ஈ பரப்பும் இந்நோய் வந்தால் இலை முழுவதும் மஞ்சளாகி, காயும் வெளிறிவிடும். பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் காட்டு வெண்டை இனத்தோடு கலந்து உண்டாக்கிய அர்க்கா அனாமிகா இந்நோய்க்கு இடங்கொடாமையால் பரவிற்று. பழைய புகழை நம்பிப் பழைய ரகத்தை வாங்குகிறவர் நோயையும் சேர்த்தே வாங்குகிறார்.

கொத்தவரையில் பூசா நவ்பகார் கிளையின்றி ஒரே தண்டாய் நிமிர்ந்து வளர்வதால் குறுகிய கொல்லைக்கு ஏற்றது. அரைக்கீரையில் கோ 3 என்பதை வேரோடு பிடுங்க வேண்டுவதில்லை. விதைத்த இருபதாம் நாள் முதல் மூன்று மாதம் வரையில் கிள்ளிக் கிள்ளி எடுக்கலாம். புடலையில் கோ 2 குட்டைக் காயுடையது. பந்தல் தாழ்வாயிருந்தாலும் தரையில் புரளாது. கத்தரியில் கடலூர் ஜில்லாப் பாலூர் நிலையத்தின் பி.எல்.ஆர். 1 போட்டுப் பார்க்கத் தக்கது. முருங்கையில் பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை 1989-இல் வெளியிடப்பட்டது. போத்து நடாமல் விதையினாலேயே வளர்ந்து, ஆறு மாதத்தில் காய் தருவது. கடற்காற்றில் முறியாதபடி மூன்றடி உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். ஜலம் தேங்குமிடத்தில் வைக்கலாகாது. ஓர் எச்சரிக்கை: பி.கே.எம். என்பது பெரியகுளத்தைக் குறிப்பது. கோ என்பது கோயமுத்தூரை. பி.கே.எம். 1 என்ற பெயரில் தக்காளியும் உண்டு, புடலையும் உண்டு. பயிரின் பெயரையும் சேர்த்தே எழுதிக்கொண்டு கடைக்குச் செல்ல வேண்டும்.

ஆலைகளுக்கும் லாரி மார்க்கங்களுக்கும் நடுவே வசிக்கிறவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். புகையும் சாம்பலும் தூசியும் இலைமேல் படியும். மண்ணில் ஈயம் முதலிய உலோகங்கள் சேர்ந்திருப்பின், காயைக் காட்டிலும் இலையும் கிழங்குமே அதிகமாய் அவற்றை ஏற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழியோரத்து வீடுகளில் புகுந்ததை மறந்தவர் இலர். அவ்வெள்ளம் நின்ற மண்ணைச் சோதிக்காமல் கீரையோ முள்ளங்கியோ விதைக்கலாகாது. அங்கே பூச்செடி போடலாம். கீரையை வெளியிலிருந்து கொணர்ந்த மண்ணும் எருவும் நிரப்பிய தொட்டியில், தெருப்பக்கமன்றிப் பின்கட்டில் வளர்த்து, பலமுறை அலம்பிச் சமைக்க வேண்டும். குழந்தைகள் உண்ணும் கீரை ஆதலால் இதில் சிக்கனம் கூடாது. காசிமேட்டு மீன் கழிவு நல்ல எருவே. ஆயினும் மக்கச் செய்த பின்னரே இட வேண்டும். கருவாட்டுக் கழிவை இடவே கூடாது. உப்பு நிலத்திற்கு உப்பு எதற்கு?

பூக்களில் நித்தியகல்யாணி மணலுக்கும் வெயிலுக்கும் அஞ்சாதது. செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை, அந்திமந்தாரை, சங்குபுஷ்பம் யாவும் விதையால் எளிதில் வருபவை. மல்லிகைக்கு விதை தேடுதல் வீண். பதியனோ குச்சியோ நட வேண்டும். கனகாம்பரத்தில் சாதாரண வகைகள் விதையால் வரும். டெல்லி கனகாம்பரமோ விதை பிடியாதது. அதன் விதையென்று எவரேனும் விற்றால், வாங்காமல் வருவதே லாபம்.

வீரிய ஒட்டு விதை அதிகம் காய்க்கும் என்பது மெய்யே. ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த விதை அடுத்த தலைமுறையில் ஒன்றுபோல் வராது. வருஷந்தோறும் வாங்க வேண்டியதுதான். சாதாரண ரகத்துத் தக்காளி தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், நல்ல செடியொன்றின் பழத்திலிருந்து விதை சேமிக்கலாம். பூசணி, புடலை வகைகளைத் தேனீ கலந்துவிடும். பக்கத்து வீட்டில் வேறு ரகம் இருந்தால் விதை தூய்மையாயிராது. சேமித்த விதையை நன்றாய் உலர்த்தி, மூடி இறுகிய புட்டியில் வைக்க வேண்டும். கடலோரத்து ஈரக்காற்றில் காகிதப் பொட்டலத்து விதை விரைவில் முளைப்பை இழக்கும்.

வாங்கும்போது சான்று பெற்ற விதையின் நீல அட்டையில் பரிசோதனைத் தேதியைப் பார்க்க வேண்டும். அத்தேதியிலிருந்து ஒன்பது மாதமே கெடு. தக்காளி, கத்தரிக்கு 100-க்கு 70-ம், வெண்டைக்கு 65-ம், மிளகாய்க்கு 60-ம் முளைப்பின் குறைந்த அளவு. 20 விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்து எண்ணினால் வீட்டிலேயே இதை அறியலாம். வர்ணம் பூசிய விதையில் மருந்து உண்டு. குழந்தைகள் கைக்கு எட்டலாகாது.

இங்கேதான் சங்கத்திற்கு வேலை இருக்கிறது. 10 கிராம் தக்காளிப் பொட்டலத்தில் ஏறக்குறைய 3,000 விதைகள் இருக்கும். ஒரு வீட்டிற்கு வேண்டியதோ பத்துச் செடி. மிச்சம் அலமாரியில் கிடந்து சாகிறது; ஒவ்வொரு வீட்டிலும் இப்படியே. இதே திருவள்ளூர் வட்டாரத்துத் திரூரில் 1904-இல் குடியானவர் கடனுக்காக ஒன்றுகூடிச் சங்கம் கண்டார்கள். ஒரு விதைப் பொட்டலத்திற்காகத் தெருவார் ஒன்றுகூடுவது அதனினும் எளிது. சங்கம் ரகத்திற்கு ஒரு பொட்டலம் வாங்கி, முளைப்பைச் சோதித்து, பெயரும் தேதியும் எழுதிய உறைகளில் பங்கிட்டால், தலைக்குச் சில ரூபாயில் பத்து ரகம் கிடைக்கும். முளைக்காத விதைக்குக் கடைக்காரரிடம் தனியாள் கேட்பதற்கும், ரசீதோடு சங்கம் கேட்பதற்கும் வித்தியாசமுண்டு.

பங்கிடும் நாளைப் புரட்டாசிக்குள் வைத்துக்கொள்ளுதல் நலம். அன்று வருகிற அங்கத்தினர், கழுவி உலர்த்திய சிறு புட்டி ஒன்றை விதைக்காகவும், தம் கிணற்று ஜலம் நிறைந்த புட்டி ஒன்றைப் பரிசோதனைக்காகவும் கொண்டுவர வேண்டும். ஜலப் புட்டியின் மேல் தெருவின் பெயரும், கிணற்றின் ஆழமும், இறைத்த தேதியும் எழுதியிருக்கட்டும்.